உறையும் உள்துணியும்

நுழையும்முன்

ஒரு பொருளின் வடிவம் தற்செயலாக அமைவதில்லை. அதைப் பயன்படுத்துவோரின் உடலமைப்பு, அன்றாடப் பணி, வீட்டின் இடவசதி, கிடைக்கும் நீர், மனத்தில் உள்ள கூச்சம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அவ்வடிவத்தை உருவாக்குகின்றன. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பயன்படுத்தும் துணி அணையாடை இதற்குத் தக்க சான்றாகும். துவைத்து மீண்டும் பயன்படுத்தத்தக்க அந்த ஆடை, உறை என்றும் உள்துணி என்றும் இரண்டாகப் பிரிந்தது ஏன்? அப்பிரிவு தீர்த்துவைத்த சிக்கல் எது? தையற்கலையால் தீராமல் சமூகத்தின் பொறுப்பில் எஞ்சி நிற்பது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

சொல்லில் தொடங்கும் விலக்கு

கருவை ஏற்கும்பொருட்டுக் கருப்பை தன் உட்சுவரை மாதந்தோறும் தடிப்பாக்கிக்கொள்கிறது. கரு உருவாகாதபோது அச்சுவரின் மேலடுக்கு சிதைந்து குருதியோடு வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். ஏறத்தாழ 28 நாள்களுக்கு ஒருமுறை நிகழும் இச்சுழற்சியில், குருதிப்போக்கு மூன்று முதல் ஏழு நாள்கள்வரை நீடிப்பது இயல்பு. ஒரு சுழற்சியில் வெளியேறும் குருதி பெரும்பாலோர்க்கு 30 முதல் 50 மில்லிலிட்டர் அளவினதே. அது 80 மில்லிலிட்டரை விஞ்சினால் மருத்துவரின் ஆலோசனை தேவைப்படும். மூச்சு விடுதலைப் போல, செரிமானத்தைப் போல இதுவும் உடலின் இயக்கமேயன்றி வேறில்லை.

ஆயினும் இவ்வியக்கத்திற்கு மக்கள் வழக்கில் அமைந்த பெயர்கள் கருதத்தக்கவை. 'பூப்பு' என்பது தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற பழஞ்சொல், மலர்தலோடு தொடர்புடையது. 'விடாய்' என்னும் சொல்லுக்குக் களைப்பு, வேட்கை என்னும் பொருள்களும் உண்டு. இவை இரண்டும் உடலின் நிலையைச் சொல்பவை. 'தீட்டு', 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு' என்னும் வழக்குகளோ உடலைப் பற்றிப் பேசுவதில்லை; பெண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பேசுகின்றன. உடல் தோன்றுவதற்கே காரணமான ஒன்றைத் தீட்டென்று ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும் எனச் சித்தர்களுள் ஒருவராகிய சிவவாக்கியர் தம் பாடல்களில் வினவினார். அவ்வினா இன்றும் ஓயவில்லை. ஒதுக்கப்பட்டது பெண் மட்டுமல்லள். அவள் பயன்படுத்திய துணியும் வெயிலிலிருந்து ஒதுக்கப்பட்டது. துணி அணையாடையின் வரலாற்றில் மிகப் பெரிய இடர் இதுவே.

பழந்துணியும் மரக்கூழும்

பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டு வீடுகளில் பழைய பருத்திப் புடவையும் வேட்டியும் கிழிக்கப்பட்டு இத்தேவைக்குப் பயன்பட்டன. பலமுறை துவைத்து நைந்த பருத்தி மென்மையானது. ஈரத்தை நன்கு ஏற்பது. ஆனால், மடித்து வைத்த துணி நடக்கும்போது நழுவும், ஓரங்களில் கசியும், ஈரம் அடியில் இறங்கி மேலாடையைக் கறைப்படுத்தும்.

முதல் உலகப்போரின்போது காயங்களுக்குக் கட்டுப்போட, மரக்கூழிலிருந்து செய்த செல்லுகாட்டன் என்னும் பொருள் பயன்பட்டது. போர்முனைச் செவிலியர் அதனையே தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினர். போர் முடிந்தபின் அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் அப்பொருளைக் கொண்டு செய்த அணையாடையைக் கோடெக்ஸ் என்னும் பெயரில் 1920இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அணையாடை இவ்வாறு பரவியது. நாப்கின் என்றும் பேடு என்றும் மக்கள் வழங்குவது இதனையே.

விலை மிகுதியால் எளிய குடும்பத்துப் பெண்களுக்கு எட்டாதிருந்த நாப்கினைக் குறைந்த செலவில் செய்யும் சிறிய இயந்திரங்களை உருவாக்கியவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். மகளிர் தன்னுதவிக் குழுக்களே இயக்கத்தக்கனவாக அவ்வியந்திரங்கள் அமைந்தன. அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு, ஊரகப் பகுதி வளரிளம் பெண்களுக்கு நாப்கினை விலையின்றி வழங்கும் 'புது யுகம்' திட்டத்தை 2012இல் தொடங்கியது. நாப்கின்மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2018 ஜூலையில் முற்றிலும் நீக்கப்பட்டது.

இம்முயற்சிகளின் பயனைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. 15 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களுள் மாதவிடாய்க் காலத்தில் தூய முறைகளைக் கையாள்வோர் 2015-16இல் 57.6 விழுக்காட்டினராக இருந்தனர், 2019-21இல் 77.3 விழுக்காட்டினராயினர். இவ்வாய்வு சாதாரணத் துணியைத் தூய முறைகளின் பட்டியலில் சேர்க்கவில்லை. அவ்வாறாயின் துணி தூய்மையற்றதா என்னும் வினா எழுகிறது. அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் துணி பயன்படுகிறது; பிறந்த குழந்தையையும் துணியிலேயே ஏந்துகிறோம். குறை துணியில் இல்லை. சரியாகத் துவைக்கப்படாத, முழுமையாக உலராத துணியிலேயே நுண்ணுயிர்கள் பெருகித் தோல் அரிப்பும் தொற்றும் ஏற்பட வாய்ப்பாகின்றன.

எறிந்தவை சேருமிடம்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கினில் மரக்கூழுடன் மிகுதியாக நீரை ஏற்கும் பலபடிப் பொருளும், அடியில் பிளாஸ்டிக் ஏடும், மேலே செயற்கை இழைப் படலமும் உள்ளன. மரக்கூழ் மக்கும், ஏனையவை எளிதில் மக்குவதில்லை. ஒருவர் நாளொன்றுக்கு 4 வீதம் 5 நாள்களுக்குப் பயன்படுத்துவதாகக் கொண்டால், ஒரு சுழற்சிக்கு 20, ஆண்டுக்கு 240. முப்பத்தைந்து ஆண்டுகளில் இத்தொகை 8,400 ஆகிறது. இது ஒருவரின் கணக்கு மட்டுமே.

கழிப்பறையில் இடப்படும் நாப்கின் நீரை ஏற்றுப் பருத்துக் குழாயை அடைக்கிறது. குப்பையோடு கலந்தால், அதனைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கைகள் அக்குருதியைத் தீண்ட நேர்கிறது. எனவேதான் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினைத் தனியே பொதிந்து தருமாறு பணித்தன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலைபோல் குவிந்த குப்பையில் இவ்வகைக் கழிவுக்கும் பங்குண்டு. துவைத்துப் பயன்படுத்தும் அணையாடையை நோக்கிப் பலர் மீண்டும் திரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

துணி ஈரத்தை ஏற்பது எவ்வாறு?

பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. செல்லுலோசில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளை ஈர்க்கும் இயல்புடையவை. அதனால் இழையே ஈரத்தை ஏற்கிறது. மேலும், நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நுண்புழை ஏற்றத்தால் திரவம் பரவுகிறது. விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதும் இம்முறையிலேயே. பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் தமக்குள் ஈரத்தை ஏற்பது மிகக் குறைவு.

எல்லாப் பருத்தித் துணிகளும் ஒரே தன்மையன அல்ல. மல் துணி மெல்லியது, விரைவில் உலரும், ஆனால் குறைவாகவே ஏற்கும். மேற்பரப்பில் மென்மயிர் எழுப்பிய ஃபிளானல் துணி மிகுதியாக ஏற்கும், தோலுக்கும் இதமானது. டர்க்கி டவல் துணி இன்னும் மிகுதியாக ஏற்கும், ஆயினும் தடிப்பானது, உலர நெடுநேரமாகும். புதிய துணியில் கஞ்சியும் பிற பூச்சுகளும் இருக்குமாதலால் முதலில் ஈரத்தை ஏற்காது. அதனைச் சிலமுறை துவைத்தபின்பே தைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்களைத் துவைக்கும்போது சேர்த்தால் இழையின்மேல் மெழுகுபோன்ற படலம் படிந்து, உறிஞ்சும் ஆற்றல் குறையும்.

உறிஞ்சுதலும் உலர்தலும்

துணி அணையாடையை வடிவமைப்பவர் எதிர்கொள்ளும் முதன்மையான முரண் இதுதான்: மிகுதியாக உறிஞ்ச வேண்டுமாயின் துணி அடுக்குகள் பலவாக இருத்தல் வேண்டும், விரைவில் உலர வேண்டுமாயின் அடுக்குகள் சிலவாக இருத்தல் வேண்டும். ஒன்றை நிறைவேற்றினால் மற்றொன்று கெடுகிறது.

பல அடுக்குகளை ஒன்றாக வைத்துத் தைத்த அணையாடையில் வெளி அடுக்குகள் உலர்ந்தபின்னும் நடு அடுக்கில் ஈரம் நிற்கும். தொட்டுப் பார்த்தால் உலர்ந்தது போலவே தோன்றும். உலர்தல் என்பது பரப்பில் நிகழ்வது. காற்றும் வெயிலும் படாத இடத்தில் ஈரம் எளிதில் அகலாது. சோப்பு நுரையும் அவ்வாறே. நடு அடுக்கினுள் தங்கிய சோப்பை முழுமையாக அலசி நீக்க நிறைய நீர் வேண்டும்.

கசிவைத் தடுக்க அடியில் இடும் நீர்புகாத் துணி இம்முரணை மேலும் கடுமையாக்குகிறது. பாலியுரித்தேன் பூசிய பாலியெஸ்டர் துணியே இதற்கு இன்று மிகுதியும் பயன்படுகிறது. இது திரவத்தைத் தடுக்கும். ஆனால், உறிஞ்சும் அடுக்கோடு நிலையாக இணைத்துத் தைத்தால் உலரும் பரப்பில் ஒரு பக்கத்தை அடைத்துவிடும். கடும் வெப்பம் இதன் பூச்சைக் கெடுக்கும் என்பதால் இதனைக் கொதிநீரில் இடுவதும் இஸ்திரி போடுவதும் தகா. பருத்திக்கோ இவை இரண்டும் தீங்கு செய்யா. இருவேறு இயல்புடைய துணிகளை ஒன்றாகத் தைக்கும்போது, வலிய துணியும் மெலிய துணிக்குரிய கட்டுப்பாட்டுக்கு உட்பட நேர்கிறது.

இரண்டாகப் பிரிந்த அணையாடை

இம்முரணுக்கு விடையாக அமைந்ததே உறையும் உள்துணியும் தனித்தனியான வடிவம். பிடித்து நிறுத்தும் பணியையும் கசிவைத் தடுக்கும் பணியையும் உறை ஏற்கிறது. உறிஞ்சும் பணியை உள்துணி ஏற்கிறது.

உறை, இரு முனைகளும் வளைந்த நீள்வடிவினது. பகலுக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமும், இரவுக்கு 30 சென்டிமீட்டர் நீளமும் போதுமானவை. நடுப்பகுதியின் இரு பக்கங்களிலும் சிறகுகள் நீண்டிருக்கும். அவற்றை உள்ளாடையின் அடியில் மடித்துப் பிரஸ் பட்டனால் இணைத்துவிட்டால் அணையாடை நழுவாது. உறையின் மேற்பக்கத்தில், இரு முனைகளிலும் குறுக்கே ஒரு துணிப்பட்டையோ சிறு பையோ தைக்கப்பட்டிருக்கும். உள்துணியின் முனைகளை அவற்றுள் செருகுவர்.

உள்துணியோ வெறும் சதுரத் துணி. பக்கத்திற்கு 22 சென்டிமீட்டர் உள்ள இரட்டை அடுக்கு ஃபிளானலை மூன்றாக மடித்தால், ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமும் ஆறு அடுக்குத் தடிப்பும் உள்ள பட்டை கிடைக்கிறது. துவைக்கும்போது விரித்துவிட்டால் மீண்டும் இரண்டே அடுக்காகிறது. அணியும்போது தடிப்பு, உலரும்போது மென்மை. மடிப்பு என்னும் எளிய செயல், தீராததாகத் தோன்றிய முரணைத் தீர்த்துவிடுகிறது.

இப்பிரிவினால் விளையும் பிற பயன்களும் பலவாகும். குருதிப்போக்கு மிகுந்த நாளில் இரு உள்துணிகளையும், குறைந்த நாளில் ஒன்றையும் வைக்கலாம். பள்ளியிலோ பணியிடத்திலோ உறையைக் கழற்றாமல் உள்துணியை மட்டும் மாற்றலாம். இரண்டு உறைகளுக்கு எட்டு உள்துணிகள் என வைத்துக்கொண்டாலே ஒருவருக்குப் போதுமானதாகலாம். ஒன்று நைந்துபோனால் அதை மட்டும் மாற்றினால் போதும். உள்துணியைக் கொதிநீரில் இடலாம், இஸ்திரி போடலாம், உறையை மென்மையாக அலசி நிழலில் உலர்த்தலாம்.

தையலில் கருத வேண்டியவை

துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துவது இன்றியமையாதது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நீர்புகாத் துணி சுருங்காது. நனைக்காமல் தைத்தால் உறை வளைந்து முறுக்கிக்கொள்ளும். தையலுக்கு விடும் ஓரம் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும்.

நீர்புகாத் துணியின் நடுப்பகுதியில் தையல் விழக்கூடாது. ஊசி துளைத்த ஒவ்வோர் இடமும் ஈரம் கசியும் வழியாகும். அதனால் ஓரத்தில் மட்டுமே தைப்பர். தைக்குமுன் துணியை நிறுத்தக் குண்டூசி குத்தாமல் பிடிப்பான்களைப் பயன்படுத்துவர். உறையை உட்புறம் வெளியாகத் தைத்துத் திருப்பினால், தையல் முடிச்சுகள் தோலில் உராய்வதில்லை. உள்துணியின் ஓரங்களுக்கு ஓவர்லாக் தையல் போதும். ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்தால் அவ்விடம் தடித்து, உலரக் காலந்தாழ்த்தும். தெருமுனைத் தையற்கடையில் உள்ள எளிய இயந்திரமே இவற்றிற்குப் போதுமானது.

துவைக்கும் முறையும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. பயன்படுத்திய துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் குருதியிலுள்ள புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக் கறை நிலைத்துவிடும். குருதி நீங்கியபின் சோப்பிட்டுத் துவைத்து, நுரை முற்றிலும் அகலும்வரை அலசி, விரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நுண்ணுயிர்களைக் குறைக்கின்றன. முழுமையான உலர்ச்சி அவை பெருகுவதைத் தடுக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தர அமைவனம், துவைத்துப் பயன்படுத்தும் அணையாடைகளுக்கான தரவரையறையை ஐ.எஸ். 17514 என்னும் எண்ணில் 2021இல் வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தும் நாப்கின்களுக்கான வரையறை எண் ஐ.எஸ். 5405 ஆகும்.

ஆண்டுதோறும் மே 28, உலக மாதவிடாய்ச் சுகாதார நாளாக 2014 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. மாதவிடாய் ஏறத்தாழ 5 நாள் நீடிப்பதையும், சுழற்சி ஏறத்தாழ 28 நாள் என்பதையும் குறிக்கவே ஐந்தாம் மாதத்தின் 28ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

முயன்றவர்களும் கற்றவையும்

துவைத்துப் பயன்படுத்தும் அணையாடைக்குத் தமிழ்நாட்டில் தொடர்ந்து பணியாற்றிவரும் அமைப்பு, ஆரோவிலில் 2010இல் தொடங்கப்பட்ட ஈகோ ஃபெம். கேத்தி வாக்லிங், யெஸ்ஸமைன் மீடமா என்னும் இருவர் இதனை நிறுவினர். ஆரோவிலைச் சூழ்ந்த ஊர்களின் பெண்கள், சிறகும் பொத்தானும் உடைய பருத்தி அணையாடைகளைத் தைக்கின்றனர். அடுக்குகளை ஒன்றாகத் தைத்த வடிவங்களையும் இவ்வமைப்பு உருவாக்கியுள்ளது. வளரிளம் பெண்களுக்கு அணையாடையோடு மாதவிடாய்க் கல்வியையும் சேர்த்து வழங்குவது இதன் சிறப்பு. பொருளை மட்டும் கொடுத்தால் போதாது என்பதை உணர்ந்ததன் விளைவு அது.

அன்ஷு குப்தா 1999இல் தில்லியில் நிறுவிய கூஞ்ச் அமைப்பு, நகரங்களில் திரட்டிய பழைய பருத்தித் துணிகளைத் தூய்மைசெய்து அணையாடைகளாக்கி ஊரகப் பெண்களுக்குக் கொண்டு சேர்த்தது. அவருக்கு 2015இல் ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

உறையும் உள்துணியும் தனித்தனியான வடிவத்தை உலகின் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது, அமெரிக்காவைச் சேர்ந்த செலஸ்ட் மெர்ஜன்ஸ் 2008இல் தொடங்கிய டேஸ் ஃபார் கேர்ள்ஸ் என்னும் அமைப்பு. கென்யாவின் ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுமியர்க்கு முதலில் எறியும் நாப்கின்களே வழங்கப்பட்டன. பயன்படுத்தியவற்றை எறிய அங்கே இடமில்லை. அவை வேலிக் கம்பிகளில் செருகப்பட்டுக் கிடந்தன. அதன்பின் துவைக்கத்தக்க அணையாடைகள் உருவாயின. அவற்றின் வடிவம் பயன்படுத்தியோர் கூறியதைக் கேட்டுப் பலமுறை மாற்றப்பட்டது. நிறைவில் உள்துணி, பூவேலைப்பாடும் அடர்நிறமும் கொண்ட சதுரத் துணியாயிற்று. விரித்துக் கொடியில் இட்டால் அது கைத்துண்டு போலவே தோன்றும்; கறையும் தெரியாது. மறைக்காமல் உலர்த்த வேண்டும் என்னும் தேவையே அத்துணியின் வடிவத்தையும் நிறத்தையும் முடிவுசெய்தது.

மொட்டை மாடியும் கொடிக்கயிறும்

சென்னையின் மேற்கே, போரூரைக் கடந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் அமைந்த புறநகர் ஐயப்பன்தாங்கல். 'தாங்கல்' என்பது நீரைத் தாங்கி நிறுத்தும் ஏரியைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களிலும் அது உண்டு. நீரின் பெயரைத் தாங்கிய இவ்வூரும் இதனை ஒத்த பிற புறநகர்களும் இன்று அடுக்கங்களாலும் வாடகை வீடுகளாலும் நிறைந்துள்ளன. துணி அணையாடையின் வடிவமைப்பு உண்மையில் ஆய்வுக்குள்ளாவது இத்தகைய இடங்களிலேயே.

தனி வீட்டில் கொல்லைப்புறம் இருந்தது. வாடகைக் குடியிருப்பில் பல குடும்பங்களுக்கும் மொட்டை மாடி ஒன்றே. யார் எப்போது துணி உலர்த்துவது என்பதில் முறை வைப்பதுண்டு. மாடியில்லாத குடும்பத்திற்குப் பால்கனியின் கம்பியே கொடி. விடுதியில் தங்கிப் பணிக்குச் செல்லும் பெண்ணுக்கு அறைச் சன்னல்தான் வெயில் வரும் வழி. பிறர் கண்ணில் படுமே என்னும் கூச்சத்தால் அணையாடையைப் புடவையின் அடியிலோ குளியலறைக் கதவின் பின்புறமோ உலர்த்தும் வழக்கம் இங்கே எளிதில் தோன்றிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரக்காற்றில் அவ்வாறு உலர்த்திய துணி இரண்டு நாள் ஆனாலும் முழுமையாக உலர்வதில்லை. எத்துணைச் சிறந்த துணியாயினும், எத்துணை நேர்த்தியான தையலாயினும், அந்த ஈரத்தின்முன் பயனற்றுப்போகிறது.

நீரும் மற்றொரு வரம்பு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. சென்னையும் அதன் புறநகர்களும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தன. குடங்களில் அளந்து செலவிடும் நீரில் தடித்த அணையாடையை அலசுவது எளிதன்று. மெல்லிய உள்துணி குறைந்த நீரில் தூய்மையாகும் என்பது இங்கே பெரும்பயன். ஆயினும் நீரே இல்லாத நாளிலும், வெள்ளம் சூழ்ந்த நாளிலும், நெடும்பயணத்திலும் துணி அணையாடை பொருந்தாமல் போகலாம். அந்நாள்களில் எறியும் நாப்கினே ஏற்றது. சிலர்க்கு மாதவிடாய்க் குப்பி உகந்ததாக இருக்கும். எதைப் பயன்படுத்துவது என்பதை அவரவர் உடலும் சூழலும் அறிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்ணுக்கே உரியது. சூழலைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் அவள்மேல் மட்டும் சுமத்துதல் முறையாகாது.

வடிவமைப்பின் எல்லை

கைத்துண்டு போலத் தோன்றும் உள்துணி, கூச்சத்தைப் போக்கவில்லை; கூச்சம் இருக்கும்போதே வெயிலில் உலர்த்த வழி செய்தது. இது குறையா நிறையா என்று கேட்கலாம். சமூகத்தின் மனம் மாறப் பல்லாண்டுகள் ஆகும். ஒரு மாணவிக்கு உலர்ந்த துணி வேண்டியதோ இந்த மாதமே. ஆகவே, கூச்சத்தைக் கணக்கில் கொண்டு வடிவமைப்பது அறிவுடைமையே. ஆனால், அத்துடன் நிறைவடைந்துவிட்டால் மறைத்தலே முறை என்பது நிலைபெற்றுவிடும்.

வடிவமைப்பாளரால் துணியை இரண்டாகப் பிரிக்க இயலும். மடிப்பை விரிக்க இயலும். நிறத்தைத் தேர இயலும். கொடியில் ஓர் இடம் ஒதுக்குவது வீட்டாரின் செயல். மழைக்கு முன் அக்கொடியில் உள்ள துணிகளை எடுத்து வைக்கும் சகோதரன், அவற்றுள் இதனையும் ஒரு துணியாகவே கருதி எடுத்து மடிப்பது இல்லத்தின் பண்பு. கழிப்பறையில் நீரும் சோப்பும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கச் செய்வது பள்ளியின் கடமை. பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரின் கைக்குப் பாதுகாப்பளிப்பது ஊராட்சியின், நகராட்சியின் கடமை.

உறை கசிவைத் தடுக்கிறது. உள்துணி ஈரத்தை ஏற்கிறது. இவ்விரண்டும் தம் பணியைச் சரியாகச் செய்ய, மூன்றாவதாக வேண்டுவது வெயில். அதற்கு விலையில்லை. அதனை மறைக்கும் கூச்சத்தை விலக்குவது மட்டுமே எஞ்சியுள்ளது.

கற்பவை கற்றபின்

1. ஒரே அளவுள்ள பருத்தித் துணிகள் இரண்டை எடுத்து நீரில் நனைத்துப் பிழிக. ஒன்றை ஆறாக மடித்தும் மற்றொன்றை விரித்தும் ஒரே கொடியில் உலர்த்துக. அவை முழுமையாக உலர ஆன நேரத்தைக் குறித்து, வேறுபாட்டிற்கான காரணத்தை அறிவியல் அடிப்படையில் ஒரு பத்தி அளவில் எழுதுக.

2. மல், ஃபிளானல், டர்க்கி டவல், பாலியெஸ்டர் ஆகிய துணிகளில் சிறு துண்டுகளைத் திரட்டி, ஒவ்வொன்றின்மீதும் ஐந்து சொட்டு நீர் விட்டு, அது பரவும் விதத்தை அட்டவணைப்படுத்துக.

3. உங்கள் பகுதியில் மாதவிடாயைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுத்து, உடலின் நிலையைக் குறிப்பன, விலக்குதலைக் குறிப்பன என வகைப்படுத்துக.

4. 'பொருளின் வடிவமைப்பு மாறினால் போதுமா, சமூகத்தின் மனநிலையும் மாற வேண்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

5. உங்கள் பள்ளிக் கழிப்பறையில் தேவைப்படும் வசதிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் செய்துதருமாறு தலைமையாசிரியருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுக.